துணி சுற்றிய கட்டைவிரல்

17

அந்தப் பழைய போனை சுபஸ்ரீ இரண்டு நாளாக அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருந்தாள். ஸ்விட்ச் ஆஃப் செய்து, பாலிதீன் பையில் சுற்றி, அரிசிக்கு அடியில்.

அந்தப் போனின் கதையை மறந்தவர்களுக்காக மறுபடி சொல்லிவிடுகிறேன். சொல்லவே வாய் கூசுகிறது, இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன் கல்வராயன் மலையில் வங்கிக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தபோது, நாற்பத்து மூன்று பேருக்குச் சொந்தமாகப் போன் நம்பர் கிடையாது. அவர்கள் ஊரில் சிக்னலும் கிடையாது. விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது என்று, வங்கி ஏஜெண்டாக மலைக்குப் போய்வரும் அன்புச்செல்வன் நாற்பத்து மூன்று விண்ணப்பத்திலும் தன் மனைவி சுபஸ்ரீயின் நம்பரையே எழுதிவிட்டான். சிம்மும் அவள் பெயரில் வாங்கியதுதான். அன்றிலிருந்து அந்த ஜனங்களின் வங்கிச் செய்தியெல்லாம் கள்ளக்குறிச்சியில் இவள் சமையலறை அலமாரிக்கு வந்து விழுந்துகொண்டிருந்தது. இவள் ஒன்றைக்கூடப் படித்ததில்லை. பேங்க் மெசேஜை யார் உட்கார்ந்து படிக்கிறார்கள்?

முந்தாநாள் புதன்கிழமை மகள் தேவதர்ஷினிதான் விளையாட்டாகப் படித்தாள்.

"ம்மா, இது இன்னாம்மா? ஒரே அக்கவுண்ட்ல, ஒரே நிமிஷத்துல ரெண்டு தடவ பணம் எடுத்துக்கிறாங்க. அடுத்ததும் அப்படியே இருக்குது பாரு."

பெண் பள்ளிக்கூடம் போன பிறகு சுபஸ்ரீ கணக்குகளின் கடைசி நான்கு எண்களை வைத்துக்கொண்டு, கணவனின் மேஜை டிராயரில் இருந்த பெயர்ப் பட்டியலில் தேடினாள். ஆயம்மாள். அடுத்தது குப்பன். அடுத்தது பழனியம்மாள். ஏழாவது பெயருக்கு மேல் பார்க்க முடியவில்லை. பின்கட்டுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள்.

விஷயம் அவ்வளவு சுலபமானது. மலை ஜனங்கள் மிஷினில் கட்டைவிரலை வைப்பார்கள். பணம் கணக்கிலிருந்து இறங்கிவிடும். அன்பு முகத்தைச் சுளித்து, "ரேகை பதியல, இன்னொரு தடவ வை" என்பான். வைப்பார்கள். மறுபடி இறங்கும். ஒரு தடவைப் பணம் அவர்கள் கைக்கு, இன்னொரு தடவைப் பணம் இவன் சட்டைப் பைக்கு. நூறு நாள் வேலைக்காரர்களின் கூலி. சீ!

இன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிமலையில் விழா. வங்கி அந்தப் பழைய ரேகை மிஷின்களையெல்லாம் திரும்ப வாங்கிக்கொண்டு, முகத்தைப் பார்த்தே ஆளை அடையாளம் காணும் புது மிஷின் கொடுக்கிறது. எவ்வளவு எடுத்தது என்று அது தமிழில் உரக்கச் சொல்லுமாம். மலையில் டவரும் வந்துவிட்டதால் எல்லாருக்கும் இலவசமாக ஒரு சின்னப் போன், சொந்த நம்பர். அதோடு சிறந்த ஏஜெண்டுக்கு ஒரு கேடயம்.

கேடயம் யாருக்கு என்று கேட்காதீர்கள். அன்புச்செல்வனுக்குத்தான்.

"சுபா! அந்தப் பழைய போன் எங்கடி?" என்று காலை ஏழு மணிக்கே ஆரம்பித்துவிட்டான். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, நெற்றியில் சந்தனமும் வைத்தாயிற்று. "இன்னிக்கு எல்லாருக்கும் நம்பர் மாத்தணும். பழைய நம்பருக்கு ஓடிபி வரும். அது இல்லாம ஒண்ணும் ஆவாது."

"அலமாரிலதான இருந்துச்சு."

"இல்லியே. போன் போட்டா ஸ்விட்ச் ஆஃப்னு வருது."

"தேடிப் பாக்கறேன். நீங்க டிபன் சாப்புடுங்க."

இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே அவன் சொன்னான்: "ஓடிபி வாங்கினதும் அந்த சனியன் நமக்குத் தேவையில்ல. வரும்போது கோமுகி டேம்ல போட்டுட்டு வந்துடலாம்."

சட்னிக் கிண்ணத்தை அவன் பக்கம் நகர்த்திய தன் கையையே சுபஸ்ரீ பார்த்தாள். மாசி மாதம் அவன் வாங்கிக் கொடுத்த இரண்டு புதுத் தங்க வளையல் அந்தக் கையில் கிடந்தன. வாங்கிய அன்று தெருவுக்கே காட்டிக்கொண்டு வந்தவள்தான். இப்போது அது தோலில் படுவதே கூசியது. சோப்பு போட்டுக் கழற்றிக்கூடப் பார்த்திருந்தாள், வரவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. மாமனார் கந்தசாமி.

கந்தசாமியைப் பற்றி ஊரில் ஒரு பேச்சு உண்டு. கூட்டுறவு சங்கத்தில் தவறுதலாக ஒரு மூட்டை யூரியா கூடுதலாகப் போட்டுவிட்டார்கள் என்று, அதை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டே போய்த் திருப்பிக் கொடுத்தவர். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தபோது சுபஸ்ரீயின் அப்பா விசாரித்ததில் அந்த யூரியா மூட்டைதான் முதலில் வந்தது. அதை நம்பித்தான் பெண்ணைக் கொடுத்தார்.

அவர் கரும்புக்குத் தண்ணீர் கட்டிவிட்டு வந்து, புது போர்வெல் மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார். சுபஸ்ரீ காபியை நீட்டினாள். சுற்றி யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். போன், மெசேஜ், இரண்டு தடவை, பெயர்ப் பட்டியல்.

கந்தசாமி காபியை நிதானமாக ஆற்றிக் குடித்தார்.

"தேவதர்ஷினிக்கும் தெரியுமா?"

"தெரியாது மாமா. அவ ஏதோ பேங்க் தப்புன்னு நெனச்சிக்கினா."

"நல்லதாப் போச்சு. அப்படியே வுட்டுடு."

சுபஸ்ரீக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது. "மாமா?"

"எனக்குத் தெரியும்மா. இந்த போர் போட்டப்பவே தெரியும். எங்கேருந்துடா இவ்ளோ பணம்னு கேட்டேன், சொன்னான்." டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "இவன் இன்னா ஊரையா கொள்ளையடிச்சிட்டான்? ஆளுக்கு ஐநூறு, ஆயிரம். மேல இருக்கிறவன் கோடியில எடுக்கிறான், அவன எவன் கேக்கிறான்? அதுங்களுக்கும் எவ்ளோ வந்துச்சு, எவ்ளோ போச்சுன்னு ஒண்ணும் தெரியாது. கெடச்சதே ஜாஸ்தின்னு போயிடுதுங்க."

"அதுங்க" என்றார். ஆட்டைச் சொல்வது போல.

"நீங்க யூரியா மூட்டைய திருப்பிக் குடுத்தவரு மாமா."

"அது நம்ம ஊரு சொசைட்டிம்மா. நாளைக்கு முகத்தப் பாக்கணும்ல?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். போகும்போது திரும்பி, "போன் உங்கிட்டதான் இருக்குது போல. குடுத்துடு. பொண்ணு இருக்கிற வூடு" என்றார்.

சுபஸ்ரீ அங்கேயே நின்றாள். மோட்டார் தண்ணீர் வாய்க்காலில் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது. இந்தத் தண்ணீரில்தான் மூன்று மாதமாகச் சமைத்திருக்கிறாள். கணவன் திருடுகிறான் என்றபோது வந்த கோபத்தில் கொஞ்சம் அழுகையும் இருந்தது. இந்த மனிதரிடம் அழக்கூடத் தோன்றவில்லை. வாயில் ஏதோ கெட்டுப்போன பண்டத்தை வைத்துவிட்ட மாதிரி இருந்தது, துப்ப வேண்டும் போல.

உள்ளே போய், டிரம்முக்குள் முழங்கை வரை கையை விட்டுப் போனை எடுத்தாள். கைப்பையில் கர்சீப்புக்கு அடியில் வைத்துக்கொண்டாள். ஆன் செய்யவில்லை.

ஒன்பது மணிக்குக் கார் கிளம்பியது. அன்பு ஓட்ட, முன்னால் கந்தசாமி, பின்னால் ஊதாப் பட்டுப்புடவையில் சுபஸ்ரீ. விழாவுக்கென்று அவன் எடுத்துக் கொடுத்த புடவை. கச்சிராயபாளையம் தாண்டி, மலைப்பாதை தொடங்கியது. முதல் கொண்டை ஊசி வளைவில் கந்தசாமி, இன்று மழை வருமா என்று கேட்கிற குரலில் சொன்னார்:

"டேய், அவளுக்குத் தெரிஞ்சு போச்சு."

கார் ஒரு கணம் தடுமாறியது. அன்பு கண்ணாடியில் மனைவியைப் பார்த்தான். மறுபடி சாலையைப் பார்த்தான்.

"தெரிஞ்சா இன்னா?" என்றான். "நல்லதுதான். இனிமே உங்கிட்ட மறைக்கிற வேல இல்ல."

"இன்னா பேச்சு பேசறீங்க?"

"பின்ன எப்படிப் பேசறது? பேங்க்ல ஒரு தடவைக்கு எவ்ளோ கமிஷன் குடுக்கிறான் தெரியுமாடி? பெட்ரோல் போட்டுக்கினு, மழையில மிஷின வயித்துல கட்டிக்கினு, சிக்னலுக்குப் பாறை மேல ஏறி நின்னுக்கினு... அட்ட கடிச்சு ரத்தம் வந்தது பேங்க்காரனுக்குத் தெரியுமா? என் கூலிய நானே எடுத்துக்கினேன்."

"அவங்க கூலியவா?"

அவன் கியரை மாற்றினான். அடுத்த வளைவு தாண்டிய பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது.

"மொத தடவ நான் வேணும்னு பண்ணல சுபா. சத்தியமா. மிஷின்தான் நின்னு போச்சு. மறுபடி வெக்கச் சொன்னேன். வூட்டுக்கு வந்து பாத்தா ரெண்டு தடவையும் எறங்கிக்கிது. ஒரு மாசம் பயந்துகினே கெடந்தேன். யாராவது வந்து கேட்டா அப்பவே குடுத்துடலாம்னு பணத்தக்கூட தனியா வெச்சிருந்தேன். எவனும் கேக்கல. ஒருத்தன்கூட கேக்கல. அதுக்கப்புறம்தான்..."

"அவன் சொல்றது நியாயந்தான?" என்றார் கந்தசாமி. "கேக்காத பணத்த எவன் தேடிப் போயிக் குடுப்பான்?"

ஜன்னல் கண்ணாடியை இறக்கி சுபஸ்ரீ வெளியே முகத்தை நீட்டிக்கொண்டாள். காற்று குளிர்ச்சியாகத்தான் இருந்தது. காருக்குள்ளேதான் நாற்றம்.

கரியாலூரில் வண்டி நின்றது. விழா மேடையில் புது மிஷினில் முதல் ஆளாகப் பணம் எடுக்க ஒரு மலைவாழ் பெண்மணி வேண்டும் என்று வங்கியில் கேட்டிருந்தார்கள். அன்பு தேர்ந்தெடுத்தது ஆயம்மாளை. "அதுதான் எதிர்த்து ஒரு வார்த்த பேசாது" என்று அப்பாவிடம் சொன்னான்.

டீக்கடை ஓரமாக ஆயம்மாள் நின்றிருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த பச்சைப் புடவை, தலையில் ஒரு கனகாம்பரம். இடது கையில் தேன் நிரம்பிய குவார்ட்டர் பாட்டில், வாயில் காகிதம் சுருட்டி அடைத்திருந்தது. வலது கைக் கட்டைவிரலில் வெள்ளைத் துணி சுற்றி நூலால் கட்டியிருந்தாள். சுபஸ்ரீ நகர்ந்து இடம் கொடுத்தாள். அந்தப் பட்டுப்புடவை கசங்கிவிடுமோ என்று ஆயம்மாள் கதவோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

"அம்மாவ இப்பதான் மொத தடவ பாக்கறேன். இந்தாங்கம்மா, தேனு. மலைத் தேனு. சாரு வூட்டுக்குன்னு எடுத்தாந்தேன்."

"எதுக்குங்க இதெல்லாம்?"

"என் வெரலால சாருக்கு எவ்ளோ தொந்தரவு! ஒரு மாசமாச்சும் ஒரே தடவையில பதிஞ்சுக்கிதா? சாரு மூஞ்சி சுளிச்சாலும் ஒரு நாளு திட்டுனது கெடையாது. பாவம், பொறுத்துக்கினு மறுபடி மறுபடி வெக்கச் சொல்லுவாரு. மத்தவங்களா இருந்தா எழுந்து போடீம்பாங்க."

முன்னால் இருந்த இரண்டு தலைகளும் அசையவில்லை.

"வெரல்ல இன்னா காயம்?" என்று கேட்டாள் சுபஸ்ரீ.

"காயம் இல்லம்மா." ஆயம்மாள் சிரித்தாள். "மரவள்ளி புடுங்கிப் புடுங்கி, கடுக்காய் ஒடைச்சு ஒடைச்சு ரேகையெல்லாம் தேஞ்சு போச்சு. சாருதான் சொன்னாரு. அதனால மிஷின் வர்ற வாரம் எட்டு நாளைக்கு வேலைக்குப் போறதில்ல. வெளக்கெண்ண தடவி, இப்படித் துணி சுத்திக்குவேன். எங்க ஊருல எல்லாரும் இப்படித்தான் சுத்திக்குவோம். அப்பவும் பதிய மாட்டேங்குது பாருங்க!"

எட்டு நாள். இவன் பொய் சொல்லி எடுத்தது போதாதென்று, அந்தப் பொய்க்காக அவர்கள் எட்டு நாள் கூலியையும் விட்டிருக்கிறார்கள். விரலைக் குழந்தை மாதிரி பொத்தி வைத்து, எண்ணெய் தடவி, அதுவும் போதவில்லையே என்று வெட்கப்பட்டிருக்கிறார்கள்.

"உங்களுக்குப் புள்ளைங்க?" என்றாள் சுபஸ்ரீ, பேச்சை மாற்ற.

"ஒரு பொண்ணு, இசைவாணி. சேலத்துல நர்சுக்குப் படிக்கிது. எங்க ஊருல பன்னெண்டு முடிச்ச மொத பொண்ணு." பெருமை ஒரு நிமிஷம் முகத்தில் நின்றது, பிறகு போய்விட்டது. "இப்ப வூட்டுலதான் இருக்குது. ஆஸ்டல் பணம் கட்டல, அனுப்பிட்டாங்க. திங்கக்கெழமைக்குள்ள கட்டலன்னா சீட்டே போயிடுமாம். கணக்குல இருக்கும்னுதான் நெனச்சிக்கினு இருந்தேன். வருஷமெல்லாம் நூறு நாளு வேலைக்குப் போயி சேத்தது. மிஷின்ல பாத்தா நூறு, எரநூறுதான் இருக்குதுன்னு வருது. என் வெரலு சரியில்ல, அதான் பணம் சேரல."

"உங்க வெரல்ல ஒரு குத்தமும் இல்ல" என்றாள் சுபஸ்ரீ. குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

அன்பு ஹாரனை அடித்தான். எதிரே வண்டி எதுவும் இல்லை.

"அம்மாவுக்கு நல்ல மனசு" என்று ஆயம்மாள் சொன்னாள், தேன் பாட்டிலை சுபஸ்ரீயின் மடியில் வைத்தாள்.

வெள்ளிமலை சமுதாயக் கூடத்தில் ஷாமியானா போட்டு, வாழை மரம் கட்டி, "டிஜிட்டல் மலை" என்று ஆளுயரத்துக்கு பேனர் வைத்திருந்தார்கள். பேனரில் ஒரு பழங்குடிப் பெண் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணுக்கும் மலைக்கும் சம்பந்தம் இல்லை என்பது அவள் நகப்பூச்சைப் பார்த்தாலே தெரிந்தது. வாசலில் கேசரி தட்டு, ஈ, ஒரு ஸ்பீக்கரில் நாதஸ்வரம்.

"போன் குடு" என்றான் அன்பு, காரை நிறுத்தியதும், பல்லைக் கடித்துக்கொண்டு. ஆயம்மாள் இறங்கி முன்னால் போய்விட்டிருந்தாள். "ஃபங்ஷன் முடிஞ்சதும் நம்பர் மாத்தணும். வெளையாடாத."

"முடிஞ்சதும் தர்றேன்."

"சுபா, நம்ம பொண்ணையும் யோசிச்சுக்க."

"அதைத்தான் யோசிச்சுக்கினு இருக்கேன்."

அவன் வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் யாரோ "அன்பு சார்!" என்று கூப்பிட, முகத்தை ஒரு நொடியில் சிரிப்பாக மாற்றிக்கொண்டு போனான். அந்த மாற்றத்தைப் பார்த்ததும் சுபஸ்ரீ காருக்குப் பின்னால் போய் நின்று, கைப்பையைத் திறந்து, போனை ஆன் செய்தாள். சத்தத்தை முழுசாக ஏற்றினாள். மறுபடி கர்சீப்புக்கு அடியிலேயே வைத்துக்கொண்டு, கூடத்தில் முதல் வரிசையில் மாமனாருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். தேன் பாட்டிலை நாற்காலிக் காலோரம் வைத்தாள்.

மண்டல அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரியின் பெயர் எழில்மதி. முப்பது வயதுதான் இருக்கும். நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்தாள். இனிமேல் கையில் காசே வேண்டாம், முகம் போதும், ஒரு நொடியில் பணம், நாடே நம்மைப் பார்த்து வியக்கிறது என்று பேசினாள். ஜனங்கள் கை தட்டினார்கள். அன்புச்செல்வனுக்குக் கேடயம் கொடுத்தபோதும் தட்டினார்கள். "கஷ்டப்பட்டு மலை ஏறி வந்து உங்க பணத்த உங்க கையில சேர்த்தவர்" என்று எழில்மதி சொன்னாள். கந்தசாமி எல்லாரையும்விடச் சத்தமாகத் தட்டினார். துண்டால் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

அந்த ஈரம் நிஜம். அதுதான் சுபஸ்ரீக்குத் தாங்கவில்லை.

ஆயம்மாளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். உள்ளங்கை அளவு புது மிஷினை அவள் முகத்துக்கு நேரே எழில்மதி பிடித்தாள். போட்டோக்காரர் குனிந்தார். மிஷின் பெண் குரலில் பேசியது:

"நூறு ரூபாய் எடுக்கப்பட்டது."

எழில்மதி புது நூறு ரூபாய்த் தாளை ஆயம்மாளின் கையில் வைத்தாள். எல்லாரும் தட்டினார்கள். ஆயம்மாள் நகரவில்லை. தாளை இடுப்பில் செருகிக்கொண்டு, பல்லால் நூலைக் கடித்து, துணியை அவிழ்த்தாள். எண்ணெயில் ஊறி வெளுத்துச் சுருங்கிப் போயிருந்த கட்டைவிரலை மிஷினுக்கு நேரே நீட்டினாள்.

"அவ்ளோதாம்மா. முடிஞ்சிடுச்சு. போகலாம்."

"ரெண்டாவது தடவ வெக்கணுமே?"

"எதுக்கு ரெண்டாவது?"

"எப்பவும் ரெண்டு தடவதாங்க. மொத தடவ பதியாது. ரெண்டாவது வெச்சாத்தான் பணம் குடுப்பாங்க."

"ஆமாங்க மேடம்" என்று கீழே இருந்து ஒரு பெண் குரல் கொடுத்தாள். "எங்களுக்கும் ரெண்டு தடவதான்."

எழில்மதி அப்போதுதான் கூட்டத்தைச் சரியாகப் பார்த்தாள். தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள், ஓரமாக நின்ற ஆண்கள், கிழவர்கள். ஒவ்வொரு வலது கைக் கட்டைவிரலிலும் துணி. வெள்ளை, காவி, கிழிந்த புடவைத் தலைப்பு, ஒருத்தருக்குச் சாக்குத் துண்டு. முப்பது நாற்பது விரல்கள் புது மிஷினுக்காகக் காத்துக்கொண்டிருந்தன.

"இன்னா இது, எல்லாருக்கும் கையில?"

"ரேகை தேயாம இருக்கிறதுக்குங்க" என்றாள் ஆயம்மாள். "சாரு சொன்னாரு."

அன்பு சட்டென்று மைக் பக்கம் வந்தான். சிரித்தான். "பழைய மிஷின் மேடம். சிக்னல் வீக். ஒரு தடவையில எடுக்காது. இவங்க வேற கரடுமுரடான வேல செய்றவங்க..."

"ஓ." எழில்மதி கடிகாரத்தைப் பார்த்தாள். "சரி சரி, அதான் இப்ப புதுசு வந்திடுச்சே. அடுத்தவங்க வாங்க."

அவ்வளவுதான். முடிந்தது. நாற்பது விரல் துணியும் ஒரு "ஓ"வில் போயிற்று. படித்த பெண், நல்ல பெண்ணாகத்தான் தெரிந்தாள். ஒரு மணிக்குள் கீழே இறங்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அப்போதுதான் முதல் வரிசையில் அந்தச் சத்தம் கேட்டது. டிங்! டிங்! மலை டவர் கொஞ்சம் மெதுவாகத்தான் கொண்டுவந்து சேர்த்தது. ஆயம்மாளின் நூறு ரூபாய்ச் செய்தி, சுபஸ்ரீயின் கைப்பைக்குள்.

அன்புவின் முகம் மாறியதை அவள் பார்த்தாள். கந்தசாமி சட்டென்று அவள் பக்கம் கையை நீட்டி, எழுந்து, மேடையைப் பார்த்துச் சொன்னார்: "என் போனுங்க மேடம், ஆஃப் பண்ணிடறேன்." கீழே குனிந்து, பல்லுக்குள், "குடும்மா. இப்பவே குடு."

அந்தக் கையை சுபஸ்ரீ பார்த்தாள். யூரியா மூட்டையைத் தள்ளிக்கொண்டு போன அதே கை. அவள் எழுந்து, அந்தக் கையைத் தொடாமல் சுற்றிக்கொண்டு, மேடைப் படி ஏறினாள்.

"மேடம், இவங்க இப்ப நூறு ரூபா எடுத்தாங்க இல்ல, அதுக்கு மெசேஜ் இதுல வந்துக்கிது." போனை நீட்டினாள். "போன மாசம் இதே கணக்குல எத்தன தடவ எறங்கிக்கிதுன்னு பாருங்க. இவங்க கையில எத்தன தடவ பணம் வந்துச்சுன்னு இவங்களையே கேளுங்க. நாப்பத்து மூணு பேருது இருக்குது. மூணு வருஷத்துது. நான் ஒண்ணையும் அழிக்கல."

வாசலில் நாதஸ்வரத்தை யாரோ நிறுத்தினார்கள்.

எழில்மதி வாங்கினாள். ஒரு செய்தி பார்த்தாள். கீழே தள்ளினாள். இன்னும் தள்ளினாள். கடிகாரத்தைப் பார்ப்பதை மறந்துபோனாள். ஆயம்மாள் பக்கத்தில் நின்று, ஒன்றும் புரியாமல், போனையும் சுபஸ்ரீயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆயம்மா, போன மாசம் உங்க கைக்கு எவ்வளவு வந்துச்சு?"

"ஆயிரம்ங்க. ஒரு தடவ."

"ரெண்டாயிரம் போயிருக்கு. ஒரே நிமிஷத்துல, ஆயிரம் ஆயிரமா." எழில்மதி நிமிர்ந்தாள். குரல் தணிந்திருந்தது. "இந்த நம்பர் யாரோடது?"

சுபஸ்ரீ பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்கு முன்னால் மைக்கில் குரல் வந்தது. அமைதியான, மரியாதையான குரல். ஸ்பீக்கர் வழியாக வாசலில் கேசரி தின்றுகொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது.

"என் வொய்ஃப் நம்பர்தாங்க மேடம்." அன்பு கேடயத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். "சிம்மும் அவங்க பேர்லதான். ஆரம்பத்துலேர்ந்து கணக்கு வழக்கெல்லாம் அவங்கதான் பாத்துக்கிறாங்க. நான் மிஷின் மட்டுந்தான் புடிப்பேன். எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்." கொஞ்சம் நிறுத்தி, "அவங்க கையில வளையலப் பாருங்க" என்றான்.

"ஆமாங்க" என்றார் கீழே நின்றிருந்த கந்தசாமி. "வூட்டு வரவு செலவு பூரா மருமகதான்."

நாற்பது துணி சுற்றிய விரல்களும் சுபஸ்ரீயின் பக்கம் திரும்பின. அவள் கையைப் புடவைக்குள் மறைக்கப் பார்த்தாள். வளையல்கள் ஒன்றோடொன்று இடித்து ஓசை எழுப்பின.

"இது உண்மையாம்மா?" என்றாள் எழில்மதி.

"நம்பர் என்னோடதுதான். ஆனா..."

ஆயம்மாள் மற்றதைக் கேட்கக் காத்திருக்கவில்லை. மேடையை விட்டு இறங்கினாள். அவசரம் இல்லாமல், கூட்டத்துக்கு முன்னால் நடந்து, சுபஸ்ரீயின் காலி நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்தாள். அங்கே இருந்த தேன் பாட்டிலை எடுத்து, முந்தானையால் ஒரு தரம் துடைத்து, தன் மடியில் கட்டிக்கொண்டாள்.